படைப்பும் சிந்தனையும் மனிதருக்கு இலக்கணமா?

கலை, இலக்கியம், அறிவியல், தத்துவம் ஆகியவற்றில் ஈடுபடுவதுதான் மனிதரை மனிதராக்குகிறது என்று பலரும் சொல்கிறார்களே, அது உண்மையானால், காலையில் வேலைக்குப் போய், இரவில் களைத்துத் திரும்பி, எதையும் எழுதாமலும் வரையாமலும் ஆராயாமலும் உறங்கிவிடும் ஒருவர் முழு மனிதர் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கவிதையும் ஓவியமும் இப்போது கணினியே செய்து தருவதால் மனிதருக்கென்று மிஞ்சுவது என்ன என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மனித இனம் எத்தகையது, அதற்கென்று தனித்த இயல்பு எது என்பது ஒன்று. யாரை மனிதராக மதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு உயிரியலும் மானிடவியலும் சான்றுகளைத் திரட்டி விடை தேட முடியும். இரண்டாவதற்கு எந்த ஆய்வும் விடை தராது. அது நாம் ஒருவரையொருவர் எப்படி நடத்துவது என்பதில் எடுத்துக்கொள்ளும் உறுதி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் உங்களுக்கு அந்த மனவருத்தம் வருகிறது என்று நினைக்கிறேன். நான் மானிடவியல் படித்தவன். அதன்பின் 22 ஆண்டுகளாக, பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். படித்ததும் பணியில் பார்த்ததும் இந்தக் கேள்வியில் எனக்கு ஒன்றாக வந்து சேர்கின்றன.

ஒரு பொருளுக்கு இலக்கணம் சொல்லும்போது மூன்று குற்றங்கள் நேரலாம் என்று தர்க்க நூலார் சொல்வர். சொன்ன இலக்கணம் அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் எட்டாமல் போனால் அவ்வியாத்தி. பிற வகைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டால் அதிவியாத்தி. எதற்குமே பொருந்தாமல் போனால் அசம்பவம். பசு என்பது கபில நிறமுடையது என்றால் வெள்ளைப் பசு வெளியே நின்றுவிடும்; கொம்புடையது என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும்; பிளவுபடாத குளம்புடையது என்றால் ஒரு பசுகூட அகப்படாது. படைப்பதும் சிந்திப்பதும் மனிதருக்கு இலக்கணம் என்ற கூற்றை இந்த உரைகல்லில் உரசினால், முதல் இரண்டு குற்றங்களும் அதில் இருக்கின்றன.

அதிவியாத்தியை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் கடந்த 60 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இங்கேதான் திரும்பத் திரும்பப் பின்வாங்க நேர்ந்தது. கருவி செய்வது மனிதருக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் பாடம் சொல்லப்பட்டது. 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில், சிம்பன்சிகள் குச்சியின் இலைகளை உருவிவிட்டு, அதைக் கறையான் புற்றுக்குள் நுழைத்துக் கறையான்களை எடுப்பதை விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்தார். நியூ கலிடோனியக் காகங்கள் குச்சியைக் கொக்கியாகச் செதுக்கிப் பயன்படுத்துகின்றன. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடல்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. 1990களின் பிற்பகுதியில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையைச் சேர்ந்த திமிங்கிலங்களின் பாடலைக் கிழக்குக் கரைத் திமிங்கிலங்கள் கற்றுக்கொண்டு, தங்கள் பழைய பாடலை முற்றிலும் கைவிட்டன. இணையைக் கவர நீலநிறப் பொருள்களைத் தேடிச் சேர்த்து முற்றம் அலங்கரிக்கும் பறவை இனமும் உண்டு. இவற்றைக் கலை என்று அழைக்கலாமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் புதிதாக ஒன்றை ஆக்குவதும், பிறரிடமிருந்து கற்பதும், சிக்கலைத் தீர்ப்பதும் மனிதருக்கு மட்டுமே உரியவை அல்ல என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது. தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, மனத்தையும் சேர்த்து ஆறறிவு உடையவர் மக்கள் என்று கூறியவுடன், ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று ஒரு வரி சேர்க்கிறது. அந்தப் ‘பிற’ எவை என்பதில் உரைகாரர்களிடம் விவாதம் உண்டு. ஆயினும் கதவை முழுவதும் சாத்திவிடாத அந்த எச்சரிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியானால் நமக்கென்று தனித்த இயல்பு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலோர் தேடும் இடத்தில் இல்லை. இரண்டரை வயதுக் குழந்தைகள், சிம்பன்சிகள், ஒராங்குட்டான்கள் ஆகியோரை ஒரே சோதனைத் தொகுப்பால் அளந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. இடம், எண்ணிக்கை, காரண காரியம் பற்றிய சோதனைகளில் குழந்தைகளுக்கும் சிம்பன்சிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிறரைப் பார்த்துக் கற்பதிலும், பிறர் சுட்டுவதைப் புரிந்துகொள்வதிலும் குழந்தைகள் வெகுதூரம் முன்னே நின்றனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஒரு பெட்டியிலிருந்து தின்பண்டத்தை எடுப்பது எப்படி என்று, தேவையற்ற சில செயல்களையும் கலந்து, ஒருவர் செய்து காட்டினார். பெட்டி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாக இருந்தபோது, எந்தச் செயல் வீண் என்பதைக் கண்டுகொண்ட சிம்பன்சிகள் அதை விட்டுவிட்டன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ காட்டியதையெல்லாம் அப்படியே செய்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் குரங்குதான் அறிவாளி என்று தோன்றும். ஆனால் காரணம் விளங்காவிட்டாலும் பெரியவர் செய்வதைப் பொருளுள்ளதாக எடுத்துக்கொண்டு பின்பற்றும் அந்த இயல்புதான், ஒரு தலைமுறை கண்டதை அடுத்த தலைமுறைக்குச் சிந்தாமல் சேர்க்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மொழி, கணிதம், மருத்துவம், இசை எதுவும் ஒரு தனி மூளையின் ஆற்றலால் எழுந்ததில்லை. ஆயிரமாயிரம் பேர் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்ததால் எழுந்தவை. ஆகவே படைப்பாற்றலை மனிதரின் அடையாளம் என்று சொல்வதானால், அது தனித்திருக்கும் மேதையின் அடையாளம் அன்று, கைமாற்றிக் கொடுக்கும் கூட்டத்தின் அடையாளம் என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

தொல்லியல் சான்றுகளைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் குகை ஓவியம் தோன்றிய நாளில்தான் மனிதன் தோன்றினான் என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுகள் பழையவை. நம் ஹோமோ பேரினத்தைச் சேர்ந்தவை என்று அறியப்பட்ட எலும்புகள் எவையும் அவ்வளவு பழையவை அல்ல. ஜாவாவின் டிரினில் பகுதியில், சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஹோமோ எரக்டஸ் என்ற, நமக்கு முந்தைய மனித இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு சிப்பியின் மேல் வளைந்து நெளிந்து கோடு கீறியிருக்கிறார். பிரான்சின் புருனிக்கெல் குகையின் ஆழத்தில், ஏறத்தாழ 1,76,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால் என்ற, இன்று அழிந்துபோன இன மனிதர்கள் சுண்ணக் கூம்புகளை உடைத்து வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். மறுபக்கம், நம் இனத்தைச் சேர்ந்தவை என்று கருதப்படும் எலும்புகள் மொராக்கோவில் சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமையோடு கிடைத்திருக்க, உருவம் தீட்டிய ஓவியமோ வெகு பின்னரே காணப்படுகிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பன்றியையும் மனித உருவங்களையும் காட்டும் குகை ஓவியத்தின் வயது குறைந்தது 51,200 ஆண்டுகள் என்று 2024இல் கணித்தார்கள். இடைப்பட்ட இரண்டரை லட்சம் ஆண்டுகள் வாழ்ந்தவர்களை மனிதர் இல்லை என்று தள்ளிவிட யாருக்கும் மனம் வராது. அவர்கள் பாடியிருக்கலாம், ஆடியிருக்கலாம், மரத்தில் செதுக்கியிருக்கலாம், மணலில் வரைந்திருக்கலாம். அவை எதுவும் மண்ணில் தங்குவதில்லை. ஸ்பெயின் குகைகளின் சில குறிகள் 64,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, ஆகவே நியாண்டர்தால்கள் தீட்டியவை என்ற கூற்று 2018இல் வந்தது. அந்தக் காலக்கணிப்பு முறையைப் பற்றிய வாதம் ஓயவில்லை என்பதால் அதை நான் ஐயத்துக்குரியவற்றோடு வைக்கிறேன்.

அந்த வகையைச் சேர்ந்த சிலரை வெளியே நிறுத்திவிடும் அவ்வியாத்திதான் அதிவியாத்தியைவிடக் கடுமையான குற்றம். அதை நான் நாள்தோறும் பணியில் எதிர்கொள்கிறேன். 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையைத் தவிரப் பெரும்பாலும் வேறெதையும் சொல்ல இயலாத நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையில் சிதைவைக் கண்டார். பேச்சிழப்பைப் பற்றிய இன்றைய மருத்துவம் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குகிறது. அத்தகையவர்களைப் பார்க்க வரும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘அவருக்குப் புரிகிறதா’ என்றுதான். இரண்டு மூன்று வாரங்களில் பலர் அதையும் கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசத் தொடங்குகிறார்கள். சொல் போனவுடன் சிந்தனையும் போய்விட்டது, சிந்தனை போனவுடன் ஆளும் போய்விட்டார் என்ற முடிவுக்கு நாம் எவ்வளவு விரைவாக வருகிறோம் என்பதை அங்கே பார்க்கலாம். சொல்லும் சிந்தனையும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல சான்று உண்டு. சோவியத் இசையமைப்பாளர் விசாரியோன் ஷெபாலின் 1953இலும் 1959இலும் பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் பேச்சையும் பேச்சைப் புரிந்துகொள்வதையும் பெருமளவு இழந்தார். ஆனால் இசையமைப்பதைத் தொடர்ந்து, 1962இல் தம் ஐந்தாவது சிம்பொனியை முடித்தார். அவரைப் பற்றி நரம்பியல் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியாவும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஆய்வு எங்கள் துறையில் நன்கு அறியப்பட்டது.

ஆனால் ஷெபாலினின் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், நான் மறுக்கவந்த கருத்துக்கே துணைபோனவனாவேன். அவர் இசையமைத்திராவிட்டால் என்ன? என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் எதையும் மீண்டும் படைக்கப்போவதில்லை. கடுமையான பேச்சிழப்போடு வந்த முதிய பெண்மணி ஒருவரிடம், பொருள்களின் படங்கள் கொண்ட அட்டைகளைக் காட்டி, நான் சொல்லும் பொருளின் படத்தைத் தொடச் சொல்வது என் பயிற்சி. பத்தில் இரண்டோ மூன்றோதான் சரியாக வரும். ஒரு நாள் அட்டைகளை அடுக்கும்போது ஒன்று குறைந்தது. மேசைக்கு அடியில் தேடினேன், என் பைக்குள் தேடினேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்; அட்டை அவருடைய சேலை மடிப்புக்குள் இருந்தது, அதன் ஒரு முனை எனக்குத் தெரியும்படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒளிக்கவேண்டும், ஆனால் நான் கண்டுபிடிக்கவும் வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். அந்தச் சிறு விளையாட்டைப் படைப்பு என்று அழைப்பதா, அறிவுச் செயல் என்று அழைப்பதா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். அன்றைக்கும் அவருடைய மதிப்பெண் பத்துக்கு இரண்டுதான். அவரைவிட மோசமான நிலையில், கண்ணால்கூட எதையும் தெரிவிக்க இயலாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் எனக்கு மனிதர்களே, அதற்கு எந்த விளையாட்டையும் அவர்களிடம் சான்றாகக் கேட்க எனக்கு உரிமையில்லை.

அறிவை அளவுகோலாக்கி மனிதரை அளப்பது வெறும் சொல்விவாதமாக நின்றுவிடுவதில்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவு குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவகுத்த வர்ஜீனியா மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் கேரி பக் என்ற இளம்பெண் பள்ளியில் மற்றவர்களைப் போலவே படித்துத் தேறியவர் என்பது பின்னாளில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் உண்மையிலேயே அறிவு குன்றியவராக இருந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு அதே அளவு கொடியதாகவே இருந்திருக்கும். நாஜி ஜெர்மனியில் 1940க்கும் 1941 ஆகஸ்டுக்கும் இடையில், மனநோயாளிகளும் உடல், அறிவுக் குறைபாடு உடையவர்களுமாக 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர்; வாழத் தகுதியற்ற வாழ்வு என்ற சொற்றொடர் அதற்குமுன் கற்றறிந்தவர்களின் நூலில்தான் பிறந்தது. கலையையும் அறிவையும் நேசிக்கும் ஒருவர், அவையே மனிதருக்கு இலக்கணம் என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இலக்கணம் என்ற சொல்லுக்குள் ஒரு வாயில்காவலர் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் சிலர், படைப்பை விட்டுவிட்டுப் பரிவை இலக்கணமாக வைக்கலாமே என்பார்கள். ஆறிப்போன தொடை எலும்புதான் நாகரிகத்தின் முதல் அடையாளம் என்று மானிடவியலாளர் மார்கரெட் மீட் சொன்னதாக ஒரு கதை பரவலாகச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, எலும்பு முறிந்து ஆறிய காட்டு விலங்குகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்திருக்கின்றன. ஈராக்கின் ஷனிடார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் ஒருவர், ஒரு கண் பார்வையும் ஒரு கையும் பயனற்றுப்போன நிலையிலும் பல்லாண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்பது உறுதி. பிறர் துணையின்றி அது அரிது என்பது வலுவான ஊகம். இந்தச் சான்றுகள் என்னை நெகிழவைக்கின்றன. ஆயினும் பரிவை இலக்கணமாக்கினாலும் அதே குற்றம்தான் திரும்பி வரும்: பரிவு காட்ட இயலாத நோயாளியும் இருக்கிறார், பரிவு காட்டும் யானையும் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் வரும் அந்தக் களைத்துத் திரும்பும் மனிதர் எதையும் படைப்பதில்லை என்ற கூற்றையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. நிகராகுவாவில் 1970களின் பிற்பகுதிவரை காதுகேளாத குழந்தைகள் பெரும்பாலும் தத்தம் வீடுகளில் தனித்தனியே வளர்ந்தார்கள். 1977 முதல் தலைநகர் மனாகுவாவின் பள்ளியில் அவர்கள் ஒன்றுசேர்ந்தபோது, ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்பித்தார்கள். அது பெரிதும் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் குழந்தைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினார்கள். பின்னர் வந்த சிறு குழந்தைகள் அதற்கு ஒழுங்கான இலக்கணத்தைக் கொடுத்தார்கள். யாரும் கற்பிக்காமல் ஒரு முழு மொழி பிறந்தது. அந்தக் குழந்தைகளில் எவரும் தம்மைப் படைப்பாளி என்று எண்ணியிருக்க மாட்டார்கள். நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளில் பேசும் வாக்கியங்களில் பல, அதே வடிவில் அதற்குமுன் எவராலும் பேசப்படாதவை. கோபத்தில் இருக்கும் உடன்பணியாளரிடம் ஒரு செய்தியை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போவதும், உறங்க மறுக்கும் குழந்தைக்குக் கதையின் முடிவை மாற்றிச் சொல்வதும் அதே ஆற்றலின் செயல்கள்தாம். நூலாகவோ ஓவியமாகவோ தங்கினால்தான் படைப்பு என்று நாம் எண்ணப் பழகியிருக்கிறோம்.

கணினியைப் பற்றி. 1843இலேயே ஆங்கிலக் கணிதவியலாளர் அடா லவ்லேஸ், கணிக்கும் எந்திரம் ஒரு நாள் இசையமைக்கக்கூடும் என்றும், ஆனால் அது எதையும் தானாகத் தோற்றுவிப்பதாக உரிமை கொண்டாடாது என்றும் எழுதினார். 1997இல் சதுரங்கத்தில் உலக வாகையர் காஸ்பரோவையும், 2016இல் கோ என்ற பலகை விளையாட்டில் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலையும் எந்திரங்கள் வென்றன. லீ செடோலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தின் 37ஆம் நகர்வைத் தேர்ந்த ஆட்டக்காரர்களே முதலில் தவறு என்று எண்ணினார்கள், பிறகு அதன் அழகை வியந்தார்கள். இன்றைய எந்திரங்கள் எழுதுவதை உண்மையான படைப்பு என்று சொல்லலாமா, அவற்றுக்குள் அனுபவம் போன்ற ஏதேனும் உண்டா என்பது என் துறைக்கு அப்பாற்பட்டது. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் சொல்ல முடியும்: படைப்பை மனிதருக்கு வாயிலாக வைத்தவர்களைத்தான் எந்திரத்தின் கவிதை அச்சுறுத்துகிறது. தம்மைவிட நன்றாக ஆடும் எந்திரம் வந்துவிட்டது என்பதற்காக மக்கள் சதுரங்கம் ஆடுவதை விட்டுவிடவில்லை, ஏனென்றால் எதிரே அமர்ந்திருப்பவரோடு ஆடுவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இனி உங்களுக்கு நேரடியாக. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, மனிதர் எல்லாரும் மதிப்பிலும் உரிமையிலும் சமமாகவே பிறக்கிறார்கள் என்று கூறிய பிறகுதான் பகுத்தறிவையும் மனச்சாட்சியையும் பற்றிப் பேசுகிறது. அந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதே பிரகடனத்தின் 27ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்வதையும் கலைகளைத் துய்ப்பதையும் அறிவியலின் பயனில் பங்குபெறுவதையும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அதற்கு மூன்று பிரிவுகள் முன்னதாக, 24ஆம் பிரிவு, ஓய்வையும் வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பையும் உரிமையாக்குகிறது. அதாவது, படைத்தால்தான் மனிதர் என்பதில்லை. மனிதராக இருப்பதாலேயே படைக்கவும் கற்கவும் நேரம் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட அந்த மனிதர் நீங்களேதானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒருவருக்கு வரைய ஆசையிருந்தும், படிக்க ஆசையிருந்தும், இரவில் கண் செருகிப்போவதால் முடியவில்லை என்றால், குறை அவருடைய மனிதத் தன்மையில் இல்லை. அவருடைய நாளை எடுத்துக்கொண்டவர்களிடம் கேட்கவேண்டிய கணக்கு அது.